காசும் ‘காஷ்’ என்னும் சொல்லும்: ஒரே எழுத்துக்கோவையில் இரு பிறப்புகள்

ஆங்கிலச் சொல்லாட்டப் பலகையில் சி, ஏ, எஸ், எச் என்னும் நான்கு எழுத்துக் கட்டைகளை வரிசையாக வைத்தால் கிடைக்கும் ‘காஷ்’ என்ற சொல், ஸ்கிரபிள் ஆட்டத்தின் மதிப்பீட்டில் முறையே 3, 1, 1, 4 எனக் கூடி 9 புள்ளிகளைத் தருவதாகும். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அல்பிரட் பட்ஸ் 1938 அளவில் வடிவமைத்து, ஜேம்ஸ் புரூனொ என்பார் 1948இல் இன்றைய பெயரைச் சூட்டிப் பரப்பிய அவ்வாட்டத்தில், வைக்கப்பட்ட சொல் செல்லுமா செல்லாதா என்பது மட்டுமே வினவப்படுகின்றது. அதன் பொருளையோ பிறப்பையோ ஆட்டக்காரர் சொல்லவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. ஆட்டத்துக்கென அச்சிடப்படும் சொற்பட்டியல்களும் இதே சிக்கனத்தைக் கைக்கொண்டு, ஓர் எழுத்துக்கோவைக்கு ஓரிடம் என்ற கணக்கில் சொற்களை அடுக்கிச் செல்கின்றன. ஆனால், அப்பட்டியல்களுக்கு மூலமாக உள்ள கொலின்ஸ் பேரகராதியைத் திறந்து பார்ப்பவர், இதே நான்கெழுத்துக்கு இரண்டு தலைச்சொற்கள் தனித்தனியே எண்ணிடப்பட்டு நிற்பதைக் காண்பார். முதலாவது கையிருப்புப் பணத்தைக் குறிப்பது. இரண்டாவது, இந்தியாவிலும் சீனாவிலும் கிழக்கிந்தியத் தீவுகளிலும் வழங்கிய மிகக் குறைந்த மதிப்புடைய நாணயங்களைக் குறிப்பது. இவ்விரண்டாவதன் மூலம் தமிழ்ச் சொல்லாகிய ‘காசு’ என்று அவ்வகராதியே கூறுகின்றது.

ஒலியாலும் எழுத்தாலும் ஒன்றுபட்டு, பிறப்பால் வேறுபட்ட சொற்களை மொழிநூலார் ஒப்புருச் சொற்கள் என்பர். தமிழில் ‘படி’ என்பது கற்பதையும் அளவுப் பாத்திரத்தையும் வாயிற்படியையும் குறித்து நிற்பதைப் போன்ற நிலை இது. ஆனால் ‘காஷ்’ என்பதில் ஒப்புருச் சொற்கள் இரண்டும் பொருளாலும் நெருங்கி வந்துவிட்டமையால், ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் மயக்கம் எளிதில் நேர்கின்றது. ஆங்கிலத்தார் பணத்துக்கு வழங்கும் சொல்லே தமிழரிடமிருந்து எடுத்த கடன் என்று மேடைகளில் பெருமிதத்தோடு சொல்லப்படுவது இம்மயக்கத்தின் விளைவு. அக்கூற்றில் பாதி உண்மையாகவும் பாதி பிழையாகவும் இருக்கின்றமையால், அது முழுப் பொய்யை விடத் திருத்துதற்கு அரியதாகின்றது. உண்மைப் பாதியைப் பிரித்தெடுத்து அதற்குரிய இடத்தில் வைப்பதே சொல்லுக்கும் மொழிக்கும் செய்யத்தக்க மரியாதை.

முதற்சொல்லின் வரலாறு சுருக்கமானது. இலத்தீனில் ‘கப்சா’ என்பது பெட்டியைக் குறித்தது. அதிலிருந்து இத்தாலியத்தில் ‘கஸ்ஸா’வும் பிரெஞ்சில் ‘கெஸ்’ஸும் பிறந்து, வணிகரின் பணப்பெட்டிக்குப் பெயராயின. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலம் இச்சொல்லை எடுத்தபோது அது பெட்டியையும் குறித்தது, பெட்டிக்குள் கிடந்த பணத்தையும் குறித்தது. நாளடைவில் பெட்டி மறைந்து பணம் மட்டும் எஞ்சியது. கொள்ளிடத்தின் பெயர் கொள்பொருளுக்கு ஆகிவந்த இம்மாற்றம் தமிழ் இலக்கணத்தார் இடவாகுபெயர் என வகுத்ததற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். வங்கியில் பணம் எண்ணித் தருபவரைக் குறிக்கும் ‘காஷியர்’ என்ற பெயரும் இப்பெட்டியின் வழித்தோன்றலே. படையிலிருந்து ஒருவரை இழிவோடு நீக்குவதைக் குறிக்கும் அதே வடிவ வினைச்சொல்லோ, உடைத்தல், செல்லாதாக்குதல் ஆகிய பொருள்களையுடைய வேறு இலத்தீன் வினைகளிலிருந்து ஒல்லாந்து வழியாக வந்தது. ஒரு பெட்டியைச் சுற்றியே இத்தனை ஒப்புருக்கள் கூடியிருக்கும்போது, ஒலியை மட்டும் நம்பிச் சொற்பிறப்புக் கூறுவது எத்துணை வழுக்கலான வேலை என்பது விளங்கும்.

இரண்டாம் சொல்லின் பயணம் நீண்டது. 1498இல் மலையாளக் கரையை அடைந்த போர்த்துக்கேயர், தென்னிந்தியச் சந்தைகளில் சில்லறையாகப் புழங்கிய சிறு நாணயத்தின் பெயரைக் கேட்டு, அதைத் தம் எழுத்தில் ‘கைஷா’ என்று பதிந்தனர். போர்த்துக்கேய மொழியில் அவ்வாறே எழுதப்படும் சொல் ஒன்று முன்னரே இருந்தது. அதன் பொருள் பெட்டி. அதுவும் மேற்கூறிய இலத்தீன் ‘கப்சா’வின் பிள்ளையே. காசு என்ற அயற்சொல்லைக் கேட்ட காது, தன் மொழியில் பழகிய பெட்டியின் உருவத்தை அதற்குப் போர்த்திவிட்டது. அயற்சொல் ஒன்று கடன் வாங்கும் மொழியிலுள்ள பழகிய சொல்லின் சாயலை ஏற்பதை வழக்குச் சொற்பிறப்பு என்பர். ஆகவே, இலத்தீன் பெட்டியும் தமிழ்க் காசும் முதன்முதலில் ஒன்றையொன்று சந்தித்தது இலண்டனில் அன்று. அதற்கு முன்பே, ஆசியக் கரைகளில் போர்த்துக்கேய வணிகரின் பேச்சிலும் கணக்கேட்டிலும் அச்சந்திப்பு நிகழ்ந்துவிட்டது. ஆங்கிலேயர் 16ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் போர்த்துக்கேய வடிவத்தைக் கடல்வழிப் பயண நூல்களின் வாயிலாகப் பெற்றுத் தம் ‘காஷ்’ என்னும் எழுத்துக்குள் அடக்கிக்கொண்டனர்.

தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றிய ஏ. சி. பேர்ணெல் என்பாரும் ஹென்றி யூல் என்பாரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹொப்சன் ஜொப்சன்’ என்னும் ஆங்கிலோ இந்தியச் சொற்களஞ்சியம், இச்சொல்லுக்குத் தனித் தலைப்பு வகுத்துப் போர்த்துக்கேய வடிவம் தமிழ்க் காசிலிருந்தோ, ஒருவேளை கொங்கணி வடிவம் ஒன்றிலிருந்தோ தோன்றியிருக்கலாம் என்று எழுதியது. அப்படியொரு கொங்கணி வடிவத்தைத் தாம் கண்டறியவில்லை என்பதையும் தொகுப்பாசிரியர் மறைக்கவில்லை. சிங்களத்திலும் ‘காசி’ என்பது நாணயத்துக்குப் பொதுப்பெயராக வழங்குவதை அவர்கள் குறித்துவைத்தமை இலங்கை வாசகருக்கு முக்கியமானது.

ஐரோப்பியர் இச்சொல்லை ஏட்டில் எழுதியதோடு நில்லாமல் உலோகத்திலும் பொறித்தனர். சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். 1818இல் ரூபாய் முறை நிலைபெறும் வரை அந்நகரத்தின் வணிகம் இந்த ஏணியிலேயே ஏறி இறங்கியது. தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை நிலைகொண்டிருந்த டேனியர் தம் செப்பு நாணயங்களில் ‘கஸ்’ என்று பொறித்தனர். புதுச்சேரிப் பிரெஞ்சியர் தம் மொழி எழுத்துமுறைக்கேற்ப ‘காஷ்’ என்றனர். திருவிதாங்கூர் அரசில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்ற முறை இருந்தமையால், ஒரு ரூபாய்க்கு 448 காசு எண்ணவேண்டியிருந்தது. புதுக்கோட்டைத் தொண்டைமான் அரசு வெளியிட்ட அம்மன் காசு, ஒரு பக்கத்தில் அரசகுல தெய்வமாகிய பிரகதாம்பாளின் உருவத்தைத் தாங்கி, ஓர் அணாவில் இருபதில் ஒரு பங்கு மதிப்புப் பெற்றது.

இவற்றுள் கையில் எடுத்து நோக்கத்தக்கது கிழக்கிந்தியக் கம்பனியின் இருபது காசு நாணயம். 1803, 1808 ஆகிய ஆண்டுகளைத் தாங்கி, பேர்மிங்காமில் மத்தியூ போல்டனின் சோகோ நாணயச் சாலையில் அச்சடிக்கப்பட்ட அச்செப்பு வில்லையின் ஒரு முகத்தில் கம்பனியின் சிங்க முத்திரைகள் அமைய, மறு முகத்தில் பாரசீக எழுத்தில் இருபது காசு நான்கு பலூசுக்குச் சமம் என்ற கணக்கு எழுதப்பட்டு, அதன் கீழே உரோம எண்ணில் 20 என்பதும் ஆங்கிலத்தில் ‘காஷ்’ என்பதும் காணப்படுகின்றன. பாரசீக எழுத்தில் அச்சொல் ‘காஸ்’ என்று எழுதப்பட்டிருக்கின்றது. பெட்டியின் சாயல் படியாத பழைய ஒலி அந்த ஒரு வரியில் தப்பிப் பிழைத்தது. 1809 சனவரியில் இத்தகைய நாணயங்களைத் தொன் கணக்கில் ஏற்றிச் சென்ற அட்மிரல் கார்ட்னர் என்னும் கப்பல் இங்கிலாந்தின் கென்ற் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் மோதி அமிழ்ந்தது. 1980களில் சுழியோடிகள் அவற்றை அள்ளியெடுத்தபோது, இந்தியச் சந்தையைக் காணாத இந்தியக் காசுகள் பத்து இலட்சத்துக்கு அதிகமாக ஆங்கிலக் கடலடியிலிருந்து வெளிவந்தன. தமிழ்ச் சொல் ஆங்கிலேயர் நாட்டுக்குப் போய், அங்கே உலோகமாகி, திரும்பும் வழியில் மூழ்கிய வரலாறு இது.

சீனாவில் இச்சொல் பெற்ற வாழ்வு இன்னும் நீண்டது. நடுவே சதுரத் துளையிட்ட சீன வெண்கல நாணயத்துக்குச் சீன மொழியில் வேறு பெயர்கள் இருப்பினும், ஐரோப்பிய வணிகர் தென்னிந்தியாவில் கற்ற சிறு நாணயப் பெயரை அதற்கும் இட்டு வழங்கினர். இன்று ஆங்கில நாணயவியல் நூல்களில் அச்சொல் பெரும்பாலும் சீன நாணயத்தையே குறிக்கின்றது. அந்நாணயங்கள் துளைவழியே கயிறு கோத்து ஆயிரம் ஆயிரமாகக் கட்டப்பட்டவை. கோக்கப்படுதல் என்னும் இவ்வியல்பு, காசு என்ற தமிழ்ச் சொல்லின் மிகப் பழைய பொருளோடு எதிர்பாராத வகையில் ஒத்துப்போகின்றது.

சங்க இலக்கியத்தில் காசு என்பது பெரும்பாலும் சந்தையில் கைமாறும் நாணயமாக வரவில்லை. மகளிர் அணியும் மேகலையில் கோக்கப்பட்ட பொன் மணியாக அல்லது பொன் வில்லையாகவே வருகின்றது. குறுந்தொகையின் 67ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார், கிளியின் வளைந்த அலகில் பற்றிய வேப்பம் பழத்தை, புதிய நூலில் கோப்பதற்காகக் கூரிய நகங்களுக்கிடையே பிடிக்கப்பட்ட பொற்காசு ஒன்றுக்கு உவமித்துள்ளார். பழுத்த வேம்பின் மஞ்சள் நிறத்தையும் நீள்வட்ட வடிவத்தையும் அறிந்த எவரும், அப்புலவர் கண்ட காசு எத்தகையதென்பதை ஊகித்துக்கொள்ளலாம். இன்றும் கலியாண வீட்டில் மணமகளின் கழுத்தை அலங்கரிக்கும் காசுமாலை, கோத்து அணியும் காசு என்ற அந்தப் பழம்பொருளை நாணயப் பொருளோடு சேர்த்துக் காத்து வருகின்றது.

இதனோடு தொடர்புடைய வழக்கு ஒன்று வடமொழிச் சார்பைப் பற்றியது. வடமொழியில் ‘கர்ஷ’ என்பது பொன், வெள்ளி நிறுக்கும் எடை. அதிலிருந்து ‘கார்ஷாபண’ என்னும் நாணயப் பெயரும், பாளியில் ‘கஹாபண’வும், சிங்களத்தில் ‘கஹவணு’வும் வந்தன. மேலை அகராதிகள் பலவும் தமிழ்க் காசை இக்குடும்பத்தின் உறுப்பாகவே எழுதிவிடுகின்றன. பிராகிருதத்தில் ரகர மெய் தேய்ந்து முன்னுள்ள உயிர் நீளுதல் இயல்பாகையால் ஒலிமாற்ற வகையில் அது நிகழக்கூடியதே. எனினும், எடையாகவும் நாணயமாகவும் தோன்றிய சொல் தமிழுக்குள் வந்தவுடன் எவ்வாறு முதலில் மேகலை மணியாயிற்று என்பதற்கு அவ்விளக்கம் விடைதரவில்லை. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதி இச்சொல்லைத் தன் பதிவுகளுள் சேர்த்துள்ளமையும் கருதத்தக்கது. இருபக்கச் சான்றுகளையும் எடைபோட்டால், மூலத்தைப் பற்றிய வழக்கு முடிவுறாமலே நிற்கின்றது. அதன் முடிவு எதுவாயினும், ஆங்கிலத்துக்கு அச்சொல்லை அளித்த நேர்மூலம் தமிழ் என்பது அதனால் அசையாது.

நாணயப் பொருள் உறுதிப்பட்ட பின்னர், காசு தமிழர் வாழ்வின் எல்லா மூலைகளிலும் நுழைந்தது. வெண்பாவின் ஈற்றடி முடியவேண்டிய நான்கு வாய்பாடுகளாகிய நாள், மலர், காசு, பிறப்பு என்பவற்றுள் அது ஒன்றாயிற்று; வாய்பாடாவது சீரின் ஓசையளவைக் காட்ட வைக்கப்படும் மாதிரிச் சொல். எழுத்தெண்ணிச் சொற்களைப் பொருத்தும் ஆட்டத்தில் ஈடுபடுவோர், தமிழ் யாப்பிலும் இதே சொல் ஓர் அளவுக் கட்டையாகப் பயன்பட்டதை அறிந்து மகிழலாம். சேக்கிழார் கூறும் திருவீழிமிழலை வரலாற்றில், பஞ்ச காலத்தில் அடியார்க்கு அமுதளிக்க நாவுக்கரசரும் சம்பந்தரும் நாள்தோறும் பீடத்தில் ஒவ்வொரு காசு பெற, சம்பந்தர் பெற்ற காசுக்கு மட்டும் வணிகர் வாசி கேட்டனர். வாசி என்பது தரம் குறைந்த நாணயத்தை மாற்றும்போது கழிக்கப்படும் வட்டம். சமய வரலாறு ஒன்றினூடாகப் பழந்தமிழ் நாணயச் சந்தையின் நடைமுறை இத்துணைத் தெளிவாகப் பதிவானது அரிய பேறு.

சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் ‘ஈழக்காசு’ என்ற ஒரு நாணயத்தைக் குறிப்பிடுகின்றன. இலங்கையின் பெயரையே அடையாகப் பெற்ற காசு தமிழகக் கோயில்களின் நன்கொடைக் கணக்கில் எண்ணப்பட்டமை, பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் நாணயம் ஒன்றாக ஓடியதற்குச் சான்று. பின்னர் 13ஆம் நூற்றாண்டு முதல் 1619இல் போர்த்துக்கேயர் கைப்பற்றும் வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளும் செப்புக் காசுகளை அடித்தனர். அவற்றின் ஒரு முகத்தில் நிற்கும் மனித உருவமும், மறுமுகத்தில் படுத்திருக்கும் இடபமும் அதன்மேல் பிறையும், கீழே ‘சேது’ என்ற தமிழ் எழுத்துகளும் உள்ளன. நெடுங்காலம் இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை என்றே கருதப்பட்டன. அவற்றை யாழ்ப்பாண அரசர்க்கு உரியவை என நிறுவி, மறக்கப்பட்ட நாணயங்கள் என்ற தலைப்பில் 1920இல் கொழும்பு ஆய்விதழொன்றில் ஆங்கிலத்தில் எழுதியவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர்.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்து அச்சுவேலி என்னும் ஊரின் பெயர் வரலாற்றுக்குள் வருகின்றது. 1875இல் மானிப்பாயில் பிறந்த ஞானப்பிரகாசர், இளமையில் தந்தையை இழந்தபின், தாயார் அச்சுவேலித் தம்பிமுத்துப்பிள்ளையை மறுமணம் செய்துகொண்டமையால் இவ்வூரோடு உறவானார். தம்பிமுத்துப்பிள்ளை இவ்வூரில் அச்சுக்கூடம் நடத்தி நூல்களை வெளியிட்ட தமிழறிஞர். ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்துப் பக்கமாக்கும் தொழில் நடந்த வீட்டுச் சூழலோடு தொடர்புகொண்டிருந்த ஒருவர் பின்னாளில் 1938 முதல் ‘சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி’யைப் பகுதி பகுதியாக வெளியிட முனைந்து, அது நிறைவெய்து முன்னரே 1947இல் மறைந்தார். காசு என்னும் பொருளையும் சொற்பிறப்பு என்னும் கலையையும் ஒருங்கே ஆராய்ந்தவர்கள் ஈழத்தில் மிகச் சிலர். அவர்களுள் முதல் வரிசையில் வைக்கத்தக்க அவருடைய நினைவுக்கு இவ்வூர் இன்னும் கடன்பட்டிருக்கின்றது. ஊர்ப்பெயரின் முதலுறுப்பாகிய ‘அச்சு’ என்பதும் இடைக்காலக் கல்வெட்டுகளில் ஒரு நாணயத்தின் பெயராக வருவதுண்டு. அது கொண்டு ஊரின் பெயர்க்காரணத்தை நாணயத்தோடு முடிச்சுப்போட ஒருவர் ஆசைப்படலாம். ஒலியொப்புமை தவிர வேறு துணையில்லாத அத்தகைய ஆசையை அடக்கிக்கொள்வதே சொல்லாராய்ச்சியின் முதற்பாடம்.

தமிழ்நாட்டுப் பேச்சில் பணம் என்ற சொல் மேலோங்க, காசு பெரும்பாலும் சில்லறையளவில் சுருங்கி நிற்கின்றது. யாழ்ப்பாணத்தாரோ காணி வாங்கினாலும் காசு கொடுத்தே வாங்குவர். வங்கியில் காசு போடுவர், வெளிநாட்டிலிருந்து காசு வரும், வசதி படைத்தவர் காசுக்காரர், உடனடியாகக் கொடுக்கக்கூடியது கைக்காசு. இக்கைக்காசு என்பதன் பொருள் ஆங்கில முதற்சொல்லின் பொருளோடு மயிரிழையும் பிசகாமல் பொருந்துவது. அச்சுவேலியைச் சூழவுள்ள செம்மண் தோட்டங்களில் விளையும் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் காசுப் பயிர்கள். சந்தைக்கு மூட்டை இறக்கிய கமக்காரர், நிறை முடிந்ததும் தரகரிடம் கேட்பதும் “காசு எப்ப தருவியள்?” என்றே.

இவ்வழக்கு பாடநூலிலும் ஏறியது. தமிழ்நாட்டு வணிகக் கல்வி நூல்கள் வடபுல மொழிகளின் வழிவந்த ரொக்கம் என்ற சொல்லைக் கொண்டு ரொக்க ஏடு என எழுத, இலங்கையின் கணக்கீட்டுப் பாடநூல்கள் காசேடு, சில்லறைக் காசேடு, காசுக் கழிவு, காசுப் பாய்ச்சல் கூற்று என்று எழுதுகின்றன. இக்கலைச்சொற்களை ஆக்கியோர் பேச்சு வழக்கை நம்பினர். அந்நம்பிக்கை வீண்போகவில்லை என்பதற்கு, க.பொ.த. உயர்தர மாணவர் அவற்றைத் தடுமாறாமல் கையாளுவதே சான்று. காசோலையும் அவ்வாறே: காசும் ஓலையும் கூடிய அத்தொடரில் பனையோலை முறிகளின் காலம் இன்னும் மணக்கின்றது. வங்கிக் கண்ணாடிக்குப் பின்னால் தமிழில் காசாளர் என்றும் ஆங்கிலத்தில் ‘காஷியர்’ என்றும் எழுதப்பட்ட பலகையைக் காண்போர், ஒன்று மற்றொன்றின் ஒலிபெயர்ப்பு என எண்ணக்கூடும். ஆங்கிலப் பெயர் பெட்டியைக் காப்பவரைக் குறித்தது. தமிழ்ப் பெயர் காசை ஆள்பவரைக் குறிப்பது. இரு வேறு மூலங்களிலிருந்து புறப்பட்ட இரு பெயர்கள் ஒரே பலகையில், ஒரே தொழிலுக்கு, ஏறக்குறைய ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன.

சொல்லாட்டக்காரர்க்குப் பயன்படும் சில செய்திகளும் இச்சொல்லின் அயலில் உள்ளன. ‘காஷ்’ என்பதன் பின்னால் ஈ, டபிள்யூ என்னும் இரு எழுத்துகளை ஒட்டினால் மரமுந்திரிகையின் ஆங்கிலப் பெயர் கிடைக்கும். அது பிரேசிலின் தூப்பி மொழியிலிருந்து போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொல்லாதலால், இலங்கையில் கஜு என வழங்குவதன் உடன்பிறப்பேயன்றிக் காசுக்கு உறவன்று. ஓ என்ற எழுத்தை இருமுறை ஒட்டினால் வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியின் பெயர் கிடைக்கும். கருங்காலி வைரத்தைக் காய்ச்சி எடுக்கும் அப்பொருளின் ஆங்கிலப் பெயர்கள் மலாய், தென்னிந்திய மொழி வடிவங்களோடு தொடர்புடையவை. ஆகவே அங்கேயும் ஒரு ‘காசு’ ஒலிக்கின்றது, நாணயத்தோடு தொடர்பில்லாமல். முன்னால் ஈ, என் என்னும் எழுத்துகளைச் சேர்த்தால் காசோலையைக் காசாக்குவதைக் குறிக்கும் வினை அமையும். நான்கெழுத்துகளையும் இடம் மாற்றி வைத்தால் தேயிலைப் பானத்தின் சீனப் பெயராகிய ‘சா’ என்பதன் பன்மை வடிவம் வரும்.

பன்மையைப் பற்றியே ஒரு நுட்பமும் உண்டு. பேரகராதியின்படி, தமிழ் மூலத்தையுடைய இரண்டாம் சொல் பன்மையிலும் மாறாமல் நிற்கும். கம்பனி நாணயத்தில் 20 என்ற எண்ணை அடுத்தும் ஒருமை வடிவமே பொறிக்கப்பட்டிருப்பது இதனை உறுதிசெய்கின்றது. தமிழிலும் எண்ணுப்பெயரை அடுத்து வரும் அஃறிணைப் பெயர் கள் விகுதி பெறாமல் நிற்றல் மரபாகையால், இருபது காசு என்பதே இயல்பான வழக்கு.